கரி அறைக் கதவு

நாற்பதாயிரம் சோம்.
மாவட்டத்திலிருந்து வந்த தாளில் முத்திரை மட்டும்தான் பெரிது.
கூரையையும் கொதிகலனையும் கேட்டால்
ஆனைப் பசிக்குச் சோளப்பொரி.

தலைமையாசிரியர் சாத்திபால்டி சொன்னார்:
"முதலில் வாசல் கேட்டுக்குப் பெயிண்ட். நீலம்.
பத்தாம் தேதி அதிகாரி வருகிறார்."
தலையாட்டிவிட்டு வந்தேன்.
தலையாட்டச் செலவில்லை.

பட்டியலை நான் காகிதத்தில் எழுதுவதில்லை.
காகிதத்தில் எழுதியது
எழுதியபடியே நின்றுவிடும்.
கரி அறைக் கதவில், சாக்கட்டியால்.
துடைத்தால் போகும். எண்கள் இடம் மாறும்.

ஒன்று, கொதிகலன்.
இதில் வாதம் கிடையாது. நாரினில்
அக்டோபர் முடியுமுன் குழாய்க்குள் தண்ணீர் உறையும்.
உறைந்தால் வெடிக்கும்.
வெடித்தால் மார்ச் வரை பள்ளிக்கூடம் இல்லை.

இரண்டு, கணினி அறை சுவிட்ச்.
பிளாஸ்டிக் கருகும் வாடை
வருகிறது என்கிறார் இயற்பியல் டீச்சர்.
வரவில்லை என்கிறார் சாத்திபால்டி.
செப்டம்பரிலிருந்து அவருக்குச் சளி.

மூன்று, மாடிப்படிக் கைப்பிடி.
மூன்றாம் வகுப்புப் பையன்கள் அதில் சறுக்குவதை
யாராலும் நிறுத்த முடியாது.
நட்டை வேண்டுமானால் முறுக்கலாம்.

நான்கு, கூரை.
ஒழுகுகிறது. ஆனால் ஒழுகும் இடம் எனக்குத் தெரியும்,
வாளிக்கும் தெரியும்.
அகராதி அலமாரியைத் தள்ளி வைத்தாயிற்று.
காத்திருந்து பழகிய கூரை, இன்னும் காத்திருக்கும்.

பிறகு ஜன்னல்கள்.
தீக்குச்சி கொளுத்தி ஒவ்வொன்றாகப் போனேன்.
சுடர் சாய்ந்த சட்டத்தில் ஒரு கோடு,
அணைந்த சட்டத்தில் இரண்டு.
ஐந்தாம் வகுப்பைத் தாண்டுமுன்
தீப்பெட்டி காலி.

காலிப் பெட்டியோடு நின்றபோதுதான் பார்த்தேன்.
முற்றத்தின் கோடியில் கழிப்பறை.
உள்ளே பெர்மெத்.
வெளியே ஜில்டிஸ், கதவை முதுகால் அழுத்திக்கொண்டு,
கையில் கணக்கு நோட்டு,
கையுறையைக் கழற்றாமலே பெருக்கல்.

அடுத்த இடைவேளையில் வேறு இருவர்.
அதற்கடுத்ததில் வேறு இருவர்.
ஒருத்தியும் தனியாக இல்லை.

சமையலறையில் குல்ஸாதாவிடம் கேட்டேன்.
"பெரிய வகுப்புப் பெண்கள் தேநீரைத் தொடுவதே இல்லை.
ஊற்றிய குவளை ஊற்றியபடி திரும்பி வரும்.
என் தேநீர்தான் பிடிக்கவில்லையோ
என்று நினைத்துக்கொண்டிருந்தேன்."

எந்த அறிக்கையிலும் இல்லை.
எந்தப் பெற்றோர் கூட்டத்திலும் இல்லை.
அந்தக் கதவில் தாழ்ப்பாள் இல்லை என்பது
என் கதவிலும் இல்லை.

முழங்கையால் துடைத்தேன்.
கொதிகலன் இரண்டானது, சுவிட்ச் மூன்றானது.
கூரை ஐந்துக்கு இறங்கியது,
அது கோபித்துக்கொள்ளாது.
கேட்டுக்கு எண்ணே போடவில்லை.

சந்தையில் தாழ்ப்பாள் நூற்றிருபது சோம்.
திருகாணி வாங்கவில்லை.
நாலும் என் கோட்டுப் பையிலேயே கிடந்தன,
எத்தனை மாதமாகவோ,
சாவிக்கொத்தோடு உரசிக்கொண்டு.

டார்ச்சைப் பல்லில் கடித்தபடி பொருத்தினேன்.
மரம் இற்றுப்போயிருந்தது. முதல் துளை பிடிக்கவில்லை.
இரண்டு விரல் மேலே ஏற்றி மறுபடி.
கைகள் மரத்துப்போக,
உள்ளேயிருந்து ஒருமுறை போட்டுப் பார்த்தேன்.
போட்டுக்கொண்டு
சற்று நேரம் அப்படியே நின்றேன்.

காலையில் கரி லாரி குபாத்தோடு வந்தது.
மூட்டைகளுக்கு நடுவே சாத்திபால்டி
கதவைப் படித்துக்கொண்டிருந்தார்.
"ஒன்று, தாழ்ப்பாளா?"
"முடிந்துவிட்டது," என்றேன்.
ஒன்றும் பேசவில்லை. கீழே கிடந்த சாக்கட்டியை எடுத்து,
முப்பது வருடக் கரும்பலகைக் கையெழுத்தில்
அடியில் எழுதினார்: ஆறு, கேட்.
நீலம் என்பதற்கு அடிக்கோடு.

இடைவேளை மணி அடித்தது.
பெர்மெத் உள்ளே போனாள்.
தாழ்ப்பாள் விழுந்தது
கரி அறை வரை கேட்டது எனக்கு.

ஜில்டிஸ் போகவில்லை.
முதுகை மட்டும் எடுத்துவிட்டாள்.
கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டு,
கதவிலிருந்து ஒரு முழம் தள்ளி
நின்றுகொண்டிருந்தாள்.